காலி லாரியில் வந்த நெல்

ஈரப்பதம் பார்ப்பது, தராசைச் சரிபார்ப்பது, ஏலச்சீட்டு பிரிப்பது எல்லாவற்றையும் விற்பனைக் கூட வேலைக்குப் புதிதாக வரும் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். அதை நான் திரும்ப எழுதினால் உங்களுக்கும் சலிப்பு, எனக்கும் சலிப்பு. விலை விழுந்த நாளில் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்கப்போகும் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் கூட்டம் ஒருநாள் நிச்சயம் வரும். வரும்போதே ஒரு குற்றவாளியின் பெயரையும் கொண்டு வரும். அந்தக் குற்றவாளி பெரும்பாலும் வெளியூர்க்காரனாக இருப்பான்.

செஞ்சி வட்டாரத்தில், விவசாயிகள் விளைச்சலை ஏலத்தில் விற்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் என்றால் யாருக்கும் தெரியாது. கமிட்டி என்றால்தான் தெரியும். என் வேலைக்காலம் முழுவதும் கமிட்டிகளில்தான் கழிந்தது. எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். இடையில் ஒருமுறை நானே அந்த வெளியூர்க் குற்றவாளியாக இருந்திருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ந்த புதிது. எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்வோமே, அந்த நிலக்கடலை விலை சரிந்திருந்த ஒரு நாள். வயதான விவசாயி ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார்.

"சேட்டு வூட்டுப் பொண்ணக் கொண்டாந்து உள்ள உக்கார வச்சா வெல எப்பிடிய்யா ஏறும்? வடக்க இருந்து வந்து நம்மள சொரண்டறாங்க!"

நான் சமணப் பெண் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சமணர் என்றால் அடகுக்கடை சேட்டு என்று அவர் முடிவு கட்டிவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது. எங்கள் ஊர் மேல்சித்தாமூர். எத்தனையோ தலைமுறையாக அங்கே ஏர் பிடிக்கிற தமிழ்ச் சமணக் குடும்பம்.

"இன்னாய்யா பேசறீங்க?" என்று நானும் எழுந்து நின்றுவிட்டேன். "எங்க பூட்டன் காலத்துலேர்ந்து மேல்சித்தாமூர்ல மல்லாட்ட போடறோம். அதோ உங்க மூட்டைக்குப் பக்கத்துல கெடக்குது பாருங்க, அது எங்க நைனா மூட்ட. உங்களுக்கு இன்னா வெலயோ அதே வெலதான் அவருக்கும்."

அவர் மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரல் அப்படியே இறங்கிவிட்டது.

"அப்பிடியா? அப்ப வெல ஏம்மா வுழுந்துச்சு?"

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். நான் வடக்கத்திப் பெண்ணாக இருந்தவரைக்கும் அவருக்கு அந்தக் கேள்வியே தேவைப்படவில்லை. நான் மேல்சித்தாமூர்க்காரி ஆன அடுத்த நொடி கேள்வி பிறந்துவிட்டது. வெளியாள் ஒருத்தி கையில் இருந்தால் விலை ஏன் விழுந்தது என்று யோசிக்கிற வேலை மிச்சம். இத்தனைக்கும் அந்த மல்லாட்டைக்கு மணிலாக்கொட்டை என்றும் எங்கள் பக்கம் ஒரு பெயர் உண்டு. கப்பலேறி வந்த பயிர். அதை அவரிடம் சொல்லவில்லை; பாவம், அன்றைக்கு அவர் தாங்கியது போதும்.

இனி லாரிக் கதைக்கு வருகிறேன்.

நான் கண்காணிப்பாளராக இருந்தபோது ஒரு தை மாதம். பொங்கல் முடிந்து சம்பா நெல் வரத் தொடங்கிய நேரத்தில், பருவம் தப்பிய மழை ஒன்று கொட்டிவிட்டுப் போயிற்று. மறுபடி பெய்யும் என்று டிவியில் சொன்னார்கள். பயந்துபோய் எல்லா ஊரும் ஒரே நேரத்தில் அறுவடை மெஷினை வயலில் இறக்கியது. அறுத்த நெல்லைக் காயவைக்க யாருக்கும் பொறுமை இல்லை. டிராக்டரில் அள்ளி நேராகக் கமிட்டிக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். எங்கள் களத்தில் கால் வைக்க இடமில்லை. வாசலுக்கு வெளியே சாலையோரமாக டிராக்டர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன.

ஏலம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலாகக் கையை விட்டுப் பார்த்து, தாங்கள் தரக்கூடிய விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அதிக விலை எழுதியவருக்கு அந்தக் குவியல். விலை பிடிக்காவிட்டால் விவசாயி மறுத்துவிடலாம். அன்று காலை சீட்டைப் பிரித்து ஒலிபெருக்கியில் விலையைப் படித்தபோது, அது முந்தின வார விலையைவிட வெகுவாக விழுந்திருந்தது. களம் கொந்தளித்துவிட்டது.

கூட்டத்துக்கு முன்னால் வந்தவர் பனமலை ஏழுமலை. நல்ல விவசாயி, நல்ல மனிதர், குரல் மட்டும் பேய்க்குரல். சுற்று வட்டாரத்தில் கபடிப் போட்டி எங்கே நடந்தாலும் மைக் பிடித்து வர்ணனை சொல்கிறவர் அவர்தான்.

"ஏம்மா, ஆந்திரா நெல்லு லாரி லாரியா வந்து எறங்குதாமே! அத்த நிறுத்தத் துப்பில்ல, எங்க தலையில கல்லப் போடறீங்களா?"

"எங்க எறங்குது ஏழுமலை? யாரு பாத்தது?"

"ஊரே சொல்லுதும்மா! டீக்கடையில போய்க் கேளுங்க!"

அவர் வாயை மூடுவதற்குள் வாசலில் ஒரு கூச்சல். ஆந்திர நம்பர் பிளேட்டோடு, தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு லாரி, வரிசையாக நின்ற டிராக்டர்களைத் தாண்டிக் கமிட்டி வாசலுக்கு வந்து நின்றது. இதைவிடப் பொருத்தமாக அது வரவே முடியாது. களத்தில் இருந்த மொத்தக் கூட்டமும் அங்கே ஓடியது.

நான் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து பேர் லாரி மேல் ஏறித் தார்ப்பாயை விலக்கிவிட்டார்கள். உள்ளே மடித்து அடுக்கிய காலிச் சாக்குகள். ஒரு கயிற்றுச் சுருள். வேறு ஒன்றுமில்லை.

சரி, முடிந்தது, கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அங்கேதான் நான் தப்புக்கணக்குப் போட்டேன்.

"நெல்ல எங்கடா எறக்கின?" என்று ஒருவர் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "அதானே! எறக்கிட்டுத்தான் காலியா வந்திருக்கான்!" என்று இன்னும் பத்துக் குரல்கள். லாரி நிறைய நெல் இருந்திருந்தால்கூட அவ்வளவு பெரிய சாட்சியாக இருந்திருக்காது. காலி லாரிதான் இப்போது பெரிய சாட்சி.

டிரைவருக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டை போட்ட பருத்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் வெங்கட்ராவ் என்று பிறகு தெரிந்தது. முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "கொனடானிக்கி வச்சானு! கொனடானிக்கி!" என்றார்.

"கொன்னுடுவேன்னு சொல்றான்டா!"

யாரோ கையில் இருந்த தடியால் லாரியின் முன்பக்கத்தில் ஓங்கி ஒரு போடு போட்டார். கண்ணாடி உடையவில்லை, ஆனால் அடுத்த அடியில் உடைந்திருக்கும். அப்போது டிராக்டர் ஒன்றின் மேல், தன் மூட்டைகள் மீது உட்கார்ந்திருந்த கோவிந்தம்மா உரக்கச் சிரிக்க ஆரம்பித்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பம் அவருடையது; எங்கள் பக்கத்தில் அப்படி நிறையக் குடும்பங்கள் உண்டு. சிரிப்புக்கு நடுவே சொன்னார்:

"அடப் பாவிங்களா! கொல்றதுக்கு இல்லடா, கொள்றதுக்கு! நெல்லு வாங்க வந்திருக்கேன்னு சொல்லுது அந்த மனுஷன்!"

கொல்லுக்கும் கொள்ளுக்கும் எங்கள் பக்கத்து நாக்கில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் அவர் அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்தவர்கள் சிரித்தார்கள். தடி கீழே இறங்கியது. ஆனாலும் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது: "வாங்க வந்தவன்னா நம்ம வெலய இன்னும் கொறைக்கத்தான் வந்திருப்பான்!"

கவனியுங்கள், நெல்லோடு வந்தால் விலையைக் கெடுக்க வந்தவன். காலியாக வந்தால் இறக்கிவிட்டு வந்தவன். வாங்க வந்தால் குறைக்க வந்தவன். உண்மை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுக்கு ஒரு குற்றம் தயாராக இருந்தது.

அலுவலகத்திலிருந்து என் உதவியாளர் ஓடிவந்தார். "மேடம், லாரிய வந்த வழியே திருப்பி அனுப்பிடலாம். போலீஸுக்குச் சொல்லி செஞ்சி தாண்டுற வரைக்கும் கூடப் போகச் சொல்லலாம். பிரச்னை அதோட முடிஞ்சிரும்."

நல்ல யோசனைதான். பாதுகாப்பான யோசனை. யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் லாரி திரும்பிப் போனால் கூட்டம் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். விலையைக் கெடுத்தவனை விரட்டிவிட்டோம் என்று வீட்டுக்குப் போவார்கள். நாளைக்கும் விலை அங்கேயேதான் கிடக்கும். அதைவிட, அன்று அந்தக் களத்துக்குப் புதிதாக வாங்க வந்த ஒரே ஆள் அவர்தான். இருக்கிற வியாபாரிகளோடு இன்னொருவர் சேர்ந்தால் விலை ஏறுமா, இறங்குமா? நமக்குத் தெரியும். தடியோடு நிற்கிறவரிடம் அதை எப்படி விளக்குவது?

வெங்கட்ராவின் உரிமத்தை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. எங்கள் கமிட்டிக்கு அவர் வருவது மட்டும்தான் முதல் முறை.

"ஏழுமலை, உங்க நெல்ல யாருக்கும் விக்கணும்னு கட்டாயம் ஒண்ணுமில்ல," என்றேன். "காலையில எழுதின வெலய மொத்தமா ஒதுக்கி வச்சிடறேன். மத்தியானம் மறுபடி ஏலம். இவரும் ஒரு சீட்டு எழுதட்டும். புடிக்கலன்னா நானே லாரிய ஊருக்கு அனுப்பறேன்."

ஏழுமலை லாரியை ஒருமுறை பார்த்தார். கத்தவில்லை. அது போதும் என்று முடிவு செய்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரியின் படியில் கால் வைத்து ஏறி, டிரைவருக்கும் வெங்கட்ராவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். நான் உள்ளே இருந்தால் கல் வராது என்று ஒரு நம்பிக்கை. லாரி ஆமை மாதிரி வாசலுக்குள் நகர்ந்தது. என்ன நினைத்தாரோ, ஏழுமலை லாரிக்கு முன்னால் நடந்து, "நவுருங்கப்பா, நவுருங்க, அம்மா உள்ள உக்காந்துகினு இருக்குது" என்று வழி விட வைத்தார்.

வெங்கட்ராவ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருடைய தமிழில் சொன்னார்: "மேடம், உங்க ஊர்ல வெல்கம் சால பெருசு."

பயத்தில் இருந்த நான் அந்த லாரிக்குள் வாய்விட்டுச் சிரித்தேன். டிரைவரும் சிரித்தார்.

மறு ஏலத்துக்கு முன்னால் உள்ளூர் மண்டிக்காரர் தணிகாசலத்தை என் அறைக்குக் கூப்பிட்டேன். அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு வேண்டப்பட்டவர். டீக்கடையில் ஆந்திரா நெல் என்ற பேச்சை முதலில் எடுத்தவர் அவர்தான் என்று இதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

"அண்ணே, ஆந்திரா நெல்லு எங்கண்ணே எறங்குது?"

அவர் நெளிந்தார். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னம்மா. ஏன் கொறைச்சு எழுதினேன்னு ஆளாளுக்கு வந்து சட்டையப் புடிக்கறாங்க. இன்னா சொல்றது? போன தடவ வாங்கின சரக்கே குடோன்ல கெடக்குது, மில்லுக்காரன் எடுக்கமாட்டேன்றான்னு சொன்னா, தணிகாசலம் கத முடிஞ்சுதுன்னு பேச மாட்டானுங்களா? ஆந்திரான்னா யாரும் போய்ப் பாக்கப் போறதில்ல."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தன் குடோனுக்குள் இருந்த சங்கடத்தை மறைக்க எல்லைக்கு அப்பால் கை காட்டிவிட்டார். கேட்டவர்களும் சந்தோஷமாக நம்பினார்கள். ஏனென்றால் தணிகாசலத்தைத் திட்டினால் அடுத்த வாரம் கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். மழைக்குப் பயந்து எல்லோரும் ஒரே நாளில் பச்சை நெல்லை அள்ளி வந்ததைச் சொன்னால் அண்ணன் தம்பியைத் திட்ட வேண்டும், தன்னையும் திட்டிக்கொள்ள வேண்டும். களம் போதவில்லை என்றால் என்னைத் திட்ட வேண்டும். நான் தினமும் எதிரில் வருகிறவள். ஆந்திராக்காரனைத் திட்டினால் யார் முகத்திலும் முழிக்க வேண்டியதில்லை. திருப்பிப் பதில் சொல்ல அவனுக்கு நம் பாஷையும் தெரியாது. நெல்லில் இருக்கிற ஈரம் தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாது. நம்பர் பிளேட் தெரிகிறது.

மத்தியானம் வெங்கட்ராவ் களத்தில் இறங்கினார். கோவிந்தம்மா அவருக்கு மொழிபெயர்ப்பாளர். ஒவ்வொரு குவியலிலும் முழங்கை வரை கையை விட்டு, அள்ளி, முகர்ந்து, ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார். காய்ந்த குவியல்களுக்குச் சீட்டு எழுதினார். ஈரக் குவியல் வந்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"இது ஏன் வாணாமாம்?" என்று ஏழுமலை கேட்டார். அது அவருடைய குவியல்.

கோவிந்தம்மா கேட்டுச் சொன்னார்: "ஊருக்குப் போறதுக்குள்ள சாக்குக்குள்ளயே சூடேறி அரிசி மஞ்சப் பாஞ்சிடுமாம். காய வச்சிக் குடுத்தா நாளான்னிக்கே எடுத்துக்கறாராம்."

ஏழுமலை தன் நெல்லில் கையை விட்டார். எடுத்து உள்ளங்கையைப் பார்த்தார். ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

புதியவர் சீட்டு எழுதுவதைத் தணிகாசலமும் மற்ற வியாபாரிகளும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நல்ல குவியல்களை வெளியாள் தட்டிக்கொண்டு போவதை எந்த வியாபாரியும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அவர்கள் பேனாவும் கொஞ்சம் தாராளமானது. சீட்டைப் பிரித்து நான் முதல் விலையைப் படித்தேன். காலை விலையைவிட நன்றாகவே ஏறியிருந்தது. களத்தில் ஒரு விசில் சத்தம். இரண்டாவது விலையைப் படிப்பதற்குள் ஏழுமலை வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"நீங்க சீட்டக் குடுங்கம்மா, நான் சொல்றேன்!"

பிறகு நடந்தது ஏலமா கபடியா என்று எனக்குத் தெரியாது. "இதோ செஞ்சி அணி ஏறி வருது! ஆந்திரா அணி விடல! கோவிந்தம்மா குவியல்ல ராவு தொட்டுட்டாரு! தணிகாசலம் அண்ணன் காலப் புடிச்சிட்டாரு! பாயிண்ட் நம்ம அண்ணனுக்கு!" என்று அவர் கத்தக் கத்த, காலையில் தடி தூக்கிய அதே கூட்டம் கைதட்டியது. தணிகாசலமே வெட்கத்தோடு சிரித்துவிட்டார். வெங்கட்ராவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தன் பெயர் வரும்போதெல்லாம் எழுந்து கும்பிட்டார்.

சாயங்காலம் நெருங்கும்போது ஏழுமலை திடீரென்று மைக்கை நிறுத்தினார். "ஏலம் கொஞ்ச நேரம் நிக்கட்டும்பா. பொழுது சாயறதுக்குள்ள அம்மா சாப்டணும். அவங்க வழக்கம் அது." சமணர்கள் நாங்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை; அன்று எனக்கே அது மறந்து போயிருந்தது. டப்பாவைத் திறந்து வெங்கட்ராவோடு பகிர்ந்துகொண்டேன். வெங்காயம், பூண்டு இல்லாத சாம்பார் சாதத்தை வாயில் வைத்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கோவிந்தம்மா தன் தூக்கிலிருந்து மிளகாய் ஊறுகாயை எடுத்து நீட்டினார். ஒரு விள்ளல் நாக்கில் வைத்துவிட்டு, "இப்புடு மன ஊரு!" என்றார் மனிதர். இப்போதுதான் நம்ம ஊர் மாதிரி இருக்கிறதாம்.

எல்லாமே அன்றைக்குச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஈர நெல்லுக்கு விலை ஏறவில்லை. சிலர் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆனால் நிறையப் பேர் ஏழுமலை தலைமையில் நெல்லைத் திருப்பிக் கொண்டுபோய், பனமலை ஏரிக்கரையில் முறை வைத்துக் காயவைத்தார்கள். எங்கள் களத்தில் யார் எந்த நாள் கொண்டு வருவது என்று ஊர்வாரியாகப் பேசி முடிவு செய்ததும் அந்த வாரம்தான். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அதிகாரிகள் சொல்லிச் சொல்லி நடக்காத காரியம் அது.

இப்போது வீட்டில் உட்கார்ந்து செய்தி பார்க்கிறேன். எந்த நாட்டுத் தலைவர் மைக்கைப் பிடித்தாலும், எங்கள் வேலை போனதற்கு அந்த நாட்டு ஆட்கள் காரணம், எங்கள் தொழில் படுத்ததற்கு இந்த நாட்டுச் சரக்கு காரணம் என்கிறார். சில சமயம் அதில் உண்மையும் இருக்கும். வெளியிலிருந்து வந்த சரக்கால் அடிபட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தணிகாசலத்தின் குடோன்தான் நினைவுக்கு வருகிறது. உள்ளே என்ன அடைந்து கிடக்கிறது என்று காட்டப் பிடிக்காதவர்கள்தான் முதலில் எல்லையைக் காட்டுகிறார்கள். கேட்கிறவர்களுக்கும் அது சௌகரியமாக இருக்கிறது. நாடு என்பது பெரிய களம், அவ்வளவுதான். அதனால் உங்களிடம் கூட்டம் வரும்போது கூட்டத்தின் மேல் கோபப்படாதீர்கள். அவர்கள் வயிற்றெரிச்சல் நிஜம். அவர்கள் சொல்லும் பெயரை மட்டும் உடனே வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயருக்குரிய ஆளைத் துரத்திவிட்டு நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். முடிந்தால் அவரைக் களத்துக்குள் கூட்டி வந்து நெல்லைத் தொட்டுப் பார்க்க விடுங்கள்.

அந்த லாரி நாளோடு எங்கள் விவசாயிகள் பாடம் படித்துவிட்டார்கள் என்று நானும் பெருமையாகத்தான் இருந்தேன். அடுத்த வருஷம் சம்பா வந்தது. வெங்கட்ராவ் வரவில்லை, மகளுக்குக் கல்யாணம் என்று போன் செய்திருந்தார். விலை கொஞ்சம் மந்தமாக இருந்தது. ஏழுமலை கோபமாக என் அறைக்குள் நுழைந்தார்.

"பாத்தியாம்மா? அந்த ஆந்திராக்காரன் நம்பவச்சிக் கழுத்தறுத்துட்டான். அவன் வராததாலதான் வெலயே வுழுந்துச்சு!"

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன், முடியவில்லை. அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"வந்தாலும் திட்றோம், வராட்டியும் திட்றோம், இல்லம்மா?" என்றார். "பாவம், கல்யாணத்துக்காச்சும் போய்ட்டு வரலாம். எந்த ஊருன்னு கேட்டுச் சொல்லு."

கோவிந்தம்மாவையும் கூட்டிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் போய்வந்தோம்.